பஸ்ஸில பையை வாங்கி மடியில வைக்கிற ஆக்களை நம்பி இருக்கலாமா?

கடலோரக்காத்து (வெள்ளவத்தை), இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். நீளமா எழுதப்போறன், நேரம் இருக்கிறவை வாசியுங்கோ.

டித்வா புயலுக்குப் பிறகு எனக்கு நித்திரை சரியில்லை. நாங்கள் மூண்டாம் மாடி, எங்கட வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லை, ஆனா 2025 நவம்பர் கடைசிக் கிழமையும் டிசம்பர் முதல் கிழமையும் முழுக்க ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு கண்டி, பதுளை, நுவரெலியா எண்டு மண்சரிவுப் படங்களையே பாத்துக்கொண்டு இருந்தன், செத்த ஆக்களின்ர கணக்கு 600ஐத் தாண்டி ஏற ஏற ஒவ்வொருக்காவும் திறந்து பாத்தன், பாத்து என்ன செய்யப்போறன் எண்டு தெரியாமலே பாத்தன். அது முடிய காசா, அது முடிய உக்ரைன், அது முடிய இங்க துவக்குச்சூடு, போதைப்பொருள். விடிய எழும்பினா பல்லுத் தீட்ட முதலே ஃபோன். அம்மா சொல்லுறா, பிள்ளை நீ செத்தவீட்டுக்குள்ளயே குடியிருக்கிறாய் எண்டு.

இண்டைக்குக் காலமை 100 பஸ்ஸில சரியான சனம், வெளியில மழை. நான் ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். முன் சீட்டில இருந்த ஒரு சிங்கள அம்மா, அறுபத்தஞ்சு வயசு இருக்கும், என்ர முகத்தைக்கூடப் பாக்காமல் பை வாரைப் பிடிச்சு இழுத்துத் தன்ர மடியில வச்சிட்டா. இது கொழும்பில எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே, இருக்கிற ஆள் நிக்கிற ஆளின்ர பையை வாங்கி வைக்கிறது, கேக்கவும் தேவையில்லை. ஆனா இண்டைக்கு என்ர பைக்குள்ள சோத்துப் பார்சல் கவிண்டு பருப்புக்கறி ஒழுகிட்டுது. அவவின்ர பூப்போட்ட கவுனில மஞ்சளாப் பட்டுட்டு. நான் பதறிப்போய் சமாவென்ன அம்மே, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டன். அவ தன்ர கூடைக்குள்ள இருந்து ஒரு பேப்பரை எடுத்து, பார்சலைச் சுத்தி, பொலித்தீன் பையின்ர காதை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, பிறகு அதைக் கையால நிமித்திப் பிடிச்சபடியே கொள்ளுப்பிட்டி வரைக்கும் வந்தவ. கமக் நே துவே, பரவாயில்லை மகள், சாப்பாடு கொட்டுப்படக் கூடாது எண்டு மட்டும் சொன்னவ. கவுனைத் துடைக்கவே இல்லை.

நான் இறங்கி ஒஃபிஸுக்கு நடந்து போற வழியெல்லாம் அழுதன். ஏன் எண்டு தெரியேல்லை. இதைப் போய் நம்பிக்கை எண்டு பிடிச்சுக்கொள்ளலாமா, இல்லாட்டி என்னை நானே ஏமாத்துறனா? உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ. எனக்கு உண்மையாவே தேவைப்படுது.


155ல_சன்னல்சீட் (கொட்டாஞ்சேனை), இரவு 12:20

அக்கா நீங்க ஒண்ணும் ஏமாத்திக்கல. நான் த்ரீவீல் ஓட்டுறவன். 2022 ஜூன் மாசம் பெட்ரோல் வரிசைல மூணு நாள் கிடந்தேன், அப்ப பெட்ரோல் அளந்து குடுக்கிற கியூஆர் கோட் வரல, பெட்ரோல் பவுசர் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ரெண்டாவது நாள் ராத்திரி வீட்டுல இருந்து கோல், சின்னவனுக்குக் காய்ச்சல் வலிப்பு வந்திருச்சுன்னு. வண்டிய விட்டுட்டுப் போனா இடம் போயிரும், ரெண்டு நாள் நின்னதெல்லாம் வீண், போகாம இருக்கவும் முடியாது. எனக்குப் பின்னாடி நின்னவரு வத்தளை பக்கம், பேருகூட நான் கேக்கல, போங்க மல்லி நான் பாத்துக்கிறேன்னு சொன்னாரு.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி, புள்ளய வார்டுல சேத்துட்டு, விடியக்காலைல திரும்பி வந்தா என் வண்டி விட்ட இடத்துல இல்ல. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. பாத்தா ரொம்ப முன்னாடி நிக்குது. வரிசை நகர நகர அந்த மனுசன் முதல்ல என் வண்டிய தள்ளி விட்டுட்டு, திரும்ப வந்து அவர் வண்டிய தள்ளியிருக்காரு, ராத்திரி முழுக்க. என் வண்டிய ஓரமா ஒதுக்கிட்டு அவர் முன்னால போயிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. எதிர்வீட்டு ஐயா கேட்டைத் திறந்து வச்சு டொய்லெட்டும் குடுத்தாரு, ஃபிளாஸ்க்குல பிளேன்டீயும் குடுத்தாரு, அவங்க வீட்டுலயே கேஸ் இல்லாம விறகு அடுப்பு எரிஞ்சிக்கிட்டு இருந்த நேரம்.

அப்புறம் கியூஆர் வந்து த்ரீவீலுக்கு வாரம் 5 லீட்டர்னு குடுத்தாங்க. அந்த 5 லீட்டர்ல அந்த ஆளை எங்கயாவது பாத்தா சும்மா ஏத்திக்கிட்டுப் போகணும்னு நெனச்சிக்கிட்டே ஓட்டுனேன். இன்னும் பாக்கல.


நேர்கோடு (தெஹிவளை), காலை 6:45

தங்கச்சி, உங்கட மனசை நோகடிக்க எழுதேல்லை. ஆனா ஒரு விசயம் சொல்லாமல் இருக்க ஏலாது.

1983 ஜூலையில என்ர அப்பாவுக்கு 22 வயசு. தெஹிவளையில வாடகை அறை. கையில வாக்காளர் பட்டியலோட வீடு வீடாத் தேடி வந்தவங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அப்பாவையும் இன்னும் நாலு பேரையும் குசினிக்குப் பின்னால சாமான் அறையில ரெண்டு இரவு ஒளிச்சு வச்சிருந்தது. கேற்றடியில கும்பல் வந்து நிண்டு கத்தேக்க, அந்த வீட்டு அம்மா இடுப்பில கைக்குழந்தையோட போய், என்ர பிள்ளையாணை இங்க தமிழர் ஒருத்தரும் இல்லை எண்டு சத்தியம் பண்ணினவ. அப்பா உள்ளுக்குள்ள இருந்து அதைக் கேட்டவர். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அங்க இருந்து லங்கா கல்யாணி கப்பலில காங்கேசன்துறை.

அந்த அம்மா பொய்ச்சத்தியம் பண்ணினபடியாலதான் நான் பிறந்தன். ஆனா ஒரு தாய் தன்ர பிள்ளையில கை வச்சுப் பொய் சொல்ல வேண்டிய நிலைமை வந்திருக்கவே கூடாது. பொலிஸ் வந்திருக்க வேணும், சட்டம் வந்திருக்க வேணும். நல்ல சனம் இருக்குது எண்டு சொல்லிச் சொல்லியே, நடந்ததுக்குப் பதில் சொல்ல வேண்டியவை தப்பிப் போயிட்டினம். பெட்ரோல் வரிசையும் அப்பிடித்தான் தம்பி. ஒருத்தரின்ர வண்டியை ஒருத்தர் தள்ளினது பெரிய விசயம், நான் மறுக்கேல்லை. உங்களை மூண்டு நாள் றோட்டில கிடத்தினது ஆர்?


155ல_சன்னல்சீட், காலை 7:10

அண்ணே நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. அத நானும் மறக்கல. அந்த வருசம் ஏப்ரல்ல இருந்து காலிமுகத்திடல் போராட்டத்துக்கு நானும்தான் போனேன். ஆனா அங்க போறதுக்கு எனக்குத் தெம்பு குடுத்ததே இந்த மாதிரி ஆளுங்கதான். நாட்டுல எல்லாரும் திருடன்னு நெனச்சிருந்தா வீட்டுலயே படுத்திருப்பேன்.


பேரீச்சம்பழம் (மருதானை), காலை 9:30

நான் இங்க வாசிக்க மட்டும்தான் வாற, இண்டைக்கு எழுதணும் போல ஈக்குது.

நேர்கோடு நானா கேட்டது எனக்கும் நல்லா விளங்குது. 2020ல கொரோனாவில மவுத்தானவங்கள அடக்கம் பண்ண விடல்ல, எல்லாரையும் எரிச்சாங்க. எங்கட வாப்பாக்கு அந்த நேரம் நெஞ்சு வருத்தம், இருமல் வந்தாலே பயம், அந்த வருத்தத்த விட, மவுத்தானா என்ன செய்வாங்களோ எண்டுற பயம்தான் அவர அழிச்சிச்சு. ராவைக்கு எழும்பி கட்டில்ல குந்திக்கிட்டு இருப்பாரு.

டிசம்பர்ல 20 நாள் பச்சப்புள்ளய எரிச்ச செய்தி வந்ததும், பொரளை கனத்தை மயான வேலில ஆரோ வெள்ளத் துணி கட்டத் தொடங்கினாங்க. நானும் உம்மாவும் போனோம். நாங்க மட்டும்தான் நிப்போம் எண்டு நெனச்சிப் போன. அங்க பாத்தா சிலுவ போட்ட பொம்பளங்க, வெள்ள சாரி உடுத்த சிங்கள ஆச்சி ஒராள், ஒஃபிஸ் உடுப்போட தமிழ்ப் பொடியன்மார். அந்த ஆச்சிக்குக் கை நடுங்கிச்சு, துணிய முடிச்சுப் போட ஏலல்ல. உம்மா அவங்கட கையப் புடிச்சு ரெண்டு பேரும் சேந்துதான் அந்த முடிச்சப் போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் சரியாத் தெரியாது.

2021 பெப்ரவரில அடக்கம் பண்ண விட்டாங்க. துணி கட்டினதாலதான் விட்டாங்க எண்டு நான் செல்லல்ல, எத்தனையோ பேர் எத்தனையோ வழில போராடின. ஆனா அந்தத் துணி கட்டினது அன்பா, போராட்டமா எண்டு கேட்டா எனக்குப் பிரிச்சு செல்லத் தெரியாது நானா. அண்டைக்கு வீட்டுக்கு வந்து வாப்பாட்ட செல்லினோம், வேற ஆக்களும் வந்தீந்தாங்க எண்டு. அவர் அண்டைக்கு ராவு தூங்கின.


கடலோரக்காத்து, காலை 9:55

ராத்தா, உங்கட உம்மாவும் அந்த ஆச்சியும் முடிச்சுப் போட்டது கண்ணுக்குள்ளயே நிக்குது. வாப்பா இப்ப எப்பிடி இருக்கிறார்?


பேரீச்சம்பழம், காலை 10:15

அல்ஹம்துலில்லாஹ், சுகமா ஈக்கிறார். நோம்பு வந்தா கஞ்சி வாளியத் தூக்கிக்கிட்டு அவர்தான் பக்கத்து வீடு எல்லாத்துக்கும் போவார்.


ராத்திரி_டெஸ்க் (நுகேகொட), பகல் 1:05

கடலோரக்காத்து அக்காவின்ர முதல் கேள்விக்கு வாறன், ஏமாத்துறனா எண்டு கேட்டியள். நான் ரெண்டு வருசம் ஒரு செய்தித் தளத்தில இரவு வேலை செஞ்சனான். எங்களுக்கு முன்னால ஒரு திரை இருக்கும், எந்தத் தலைப்பு ஏறுது, எது விழுது எண்டு நிமிசத்துக்கு நிமிசம் காட்டும். வெள்ளத்தில இருந்து ஒரு ஊரே மீட்கப்பட்டது எண்டு போட்டா ஒரு கணக்கு, அதே செய்திக்குள்ள கடைசி வரியில இருக்கிற ஒருத்தரின்ர சாவைத் தூக்கித் தலைப்பில போட்டா வேற கணக்கு. நாங்கள் பொய் எழுதேல்லை. எதை மேல தூக்கிறது எண்டுதான் ஒவ்வொரு இரவும் முடிவு பண்ணினம், அந்த முடிவை எடுத்தது பயம்.

இதை ஆராய்ச்சியாகவும் செஞ்சிருக்கினம். 2023ல நேச்சர் ஹியூமன் பிஹேவியர் சஞ்சிகையில வந்தது, அமெரிக்கத் தளம் ஒண்டின்ர 1,05,000 தலைப்புகளைப் பரிசோதிச்சுப் பாத்ததில, தலைப்பில ஒரு கெட்ட சொல் கூடினா கிளிக் 2.3 சதவீதம் கூடுது. கேக்கச் சின்னதாத் தெரியும். ஆனா அந்தத் திரைக்கு முன்னால இருக்கிற ஆளுக்கு அது வேலை போறதுக்கும் நிலைக்கிறதுக்கும் நடுவில உள்ள வித்தியாசம்.

இன்னொண்டு, இது எனக்குப் பிடிச்சது. 2019ல சயன்ஸ் சஞ்சிகையில வந்த ஆய்வு, 40 நாட்டில 355 நகரங்களில 17,000க்கு மேற்பட்ட பேர்ஸ்களைத் தொலைஞ்சது போலக் கொண்டுபோய்க் குடுத்துப் பாத்தவை, எத்தனை பேர் சொந்தக்காரரைத் தேடுவினம் எண்டு. காசு இல்லாத பேர்ஸுக்கு 40 சதவீதம் பேர் தொடர்புகொண்டிச்சினம், காசு உள்ளதுக்கு 51 சதவீதம். காசு கூடினா திருப்பிக் குடுக்கிறதும் கூடினது. பொருளாதார நிபுணர்களைக் கேட்டுப் பாத்தா அவையே இதை எதிர்பாக்கேல்லை. அதாவது நாங்கள் மற்ற ஆக்களைப் பற்றி நினைக்கிறது, அவை உண்மையில இருக்கிறதை விடக் கீழ. அக்கா நீங்கள் பஸ்ஸில கண்டது கனவு இல்லை.

நான் அந்த வேலையை விட்டிட்டன். இப்பவும் சில இரவில அந்தத் திரை கனவில வரும்.


வெள்ளைச்சப்பாத்து (நாரஹேன்பிட்டி), பின்னேரம் 4:40

நான் தாதி. சொந்த இடம் மட்டக்களப்பு, கொழும்புக்கு வந்து 14 வருசம். இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்து எல்லாத்தையும் வாசிச்ச.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இங்க கொச்சிக்கடையில குண்டு, நீர்கொழும்பில குண்டு, எங்கட ஊரில சீயோன் தேவாலயத்திலயும் குண்டு. எனக்கு வீட்டுக்கு ஃபோன் போகுதில்ல, அக்காட பிள்ளைகள் ஞாயிறு வகுப்புக்குப் போறவங்க. அந்த நிலைமையிலதான் வேலைக்கு ஓடின. நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் பக்கத்தால போகக்குள்ள பாத்தன், அவ்வளவு சனம் இரத்தம் குடுக்க வெயிலுக்குள்ள நிக்குது. ஆர் சிங்களம் ஆர் தமிழ் ஆர் முஸ்லிம் எண்டு அந்த வரிசையில பாக்கவே ஏலாது, எல்லார்ர முகமும் ஒரே மாதிரி வெளிறிப்போய்க் கிடந்திச்சு. (அக்காட பிள்ளைகள் பிழைச்சிட்டாங்க. அண்டைக்குக் காய்ச்சல் எண்டு போகல்ல. அவங்கட கூட்டாளிமார் போனவங்க. அதை என்னால இங்க எழுத ஏலாது.)

இரத்தம் ஒரு நாள் விசயம் இல்ல. நம்மட நாட்டில 2014ல இருந்து முழு இரத்தமும் காசு வாங்காமத் தானாக் குடுக்கிற ஆக்கள்ட்ட இருந்துதான் வருது. பிளேட்லெட் அஞ்சு நாளைக்கு மேல வைக்க ஏலாது, அப்ப ஒவ்வொரு கிழமையும் எங்கயோ ஒரு பன்சலையில, கோயிலில, பள்ளியில, ஒஃபிஸில ஆரோ கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாங்க எண்டுதானே அர்த்தம். நான் சிவப்புப் பையைக் கொழுவக்குள்ள எல்லாம் அந்த ஆளை நினைப்பன், அவருக்குத் தெரியாது இது ஆருக்குப் போகுது எண்டு.

கண்ணும் அப்பிடித்தான். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ல கண்தான சங்கத்தைத் தொடங்கினவர், தன்ர தாய் செத்த பிறகு அவவின்ர கண்ணையே எடுத்துக் குடுத்தவர். இண்டைக்கு வரைக்கும் இந்தச் சின்ன நாட்டில இருந்து எத்தனையோ நாட்டுக்குக் கண் போகுது. யுத்தம் நடந்த வருசங்களிலயும் போனது.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு 2016ல புற்றுநோயைப் படம் பிடிச்சுக் காட்டுற பெட் (PET) ஸ்கேனர் வாங்க 20 கோடி ரூபா சேக்க வெளிக்கிட்டது, மகனைப் புற்றுநோயில பறிகொடுத்த ஒரு தகப்பன். சனம் 20 ரூபா, 50 ரூபா எண்டு போட்டே அந்தக் காசு சேந்திச்சு. நேர்கோடு அண்ணன் கேட்பீங்க, அதை அரசாங்கம்தானே வாங்கியிருக்க வேணும் எண்டு. ஓம், வாங்கியிருக்க வேணும். ஆனா நோயாளிட கட்டில் பக்கத்தில நிண்டு பாத்தா அதுக்குக் காத்திருக்க நேரம் இல்ல.

கடலோரக்காத்து தங்கச்சி, ஃபோனைப் படுக்கிற அறைக்குள்ள கொண்டுபோகாதீங்க. ஒரு அலாரம் மணிக்கூடு வாங்குங்க. புறக்கோட்டையில மலிவு.


நேர்கோடு, இரவு 8:15

தாதி அக்கா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். பேரீச்சம்பழம் தங்கச்சி எழுதினதையும்.

நான் சொன்னதில இருந்து பின்வாங்கேல்லை. ஆனா அப்பாவைப் பற்றி ஒரு விசயத்தை விட்டிட்டன், அதையும் எழுதினாத்தான் நியாயம். 2003ல அப்பா திரும்பக் கொழும்புக்கு வந்தவர், சமாதான காலம். நேர அந்த வீட்டுக்குத்தான் போனவர், என்னையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா கதவைத் திறந்து அப்பாவைப் பாத்திட்டு ஒண்டும் பேசேல்லை, உள்ள போய் ஒரு தோல் பையை எடுத்துக்கொண்டு வந்தவ. அப்பாவின்ர சேர்டிபிக்கேற்றுகள். எரிஞ்சு கிடந்த அறைக்குள்ள போய்ப் பொறுக்கி, 20 வருசம் அலுமாரியில வச்சிருந்திருக்கிறா. ஓரம் கருகின ஜி.சி.ஈ. தாள் இப்பவும் எங்கட வீட்டில இருக்கு. திரும்பி வருவார் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு அப்பா கேக்க, தெரியாது, ஆனா எறிய மனம் வரேல்லை எண்டு சொன்னவ.

நான் இதை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. சொன்னா, பாத்தியா எல்லாம் நல்லாத்தானே இருக்கு எண்டு முடிச்சிடுவினம் எண்ட பயம்.


கடலோரக்காத்து, இரவு 8:40

அண்ணா நாங்கள் அப்பிடி முடிக்கமாட்டம். எழுதினதுக்கு நன்றி.


முல்லை_வீடு (முல்லைத்தீவு), இரவு 10:30

வணக்கம். நான் இங்க புதுசு. அம்மாவுக்குத் தொண்டையில கட்டி எண்டு கொழும்புக்கு அனுப்பினவை. வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில நிக்கிறம், நாளையோட அஞ்சு நாள். எனக்கு 19 வயசு, சிங்களம் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில குடுத்த ஃபோர்ம் சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் இருந்தது. கவுண்டரில ஏதோ கேட்டவர், எனக்கு விளங்கேல்லை, அடுத்த ஆள் எண்டு கையைக் காட்டிட்டார். திரும்பி வந்திட்டம். நாளண்டைக்கு செவ்வாய் திரும்பப் போகவேணும். ஆரும் சிங்களம் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு அரை மணித்தியாலம் வந்தாக் காணும். காசு கேட்டாலும் குடுப்பன். பிழையான இடத்தில கேட்டிருந்தா மன்னியுங்கோ.


நேர்கோடு, இரவு 10:34

தம்பி நான் வாறன். காசுக் கதை கதைக்க வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி எண்டு இங்க போடாதையும், எனக்குத் தனியா அனுப்பும்.

1987ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி. தமிழில ஃபோர்ம் கேக்கிறது உம்மட உரிமை. செவ்வாய்க்கிழமை ஃபோர்மையும் நிரப்புவம், தமிழ் ஃபோர்ம் எங்கே எண்டு எழுத்தில ஒரு கடிதமும் குடுப்பம்.


வெள்ளைச்சப்பாத்து, இரவு 10:50

தம்பி, கிளினிக் கொப்பி, முல்லைத்தீவில தந்த துண்டு, ஸ்கேன் படம், இப்ப அம்மா குடிக்கிற மருந்துக் கவர் எல்லாத்தையும் ஒரே ஃபைலில போடுங்க. காலையில ஆறரைக்கு முதல் நம்பர் எடுக்க வேணும். சாப்பிடாம வரச் சொன்னாங்களா எண்டு துண்டில பாருங்க, விளங்காட்டி ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, எத்தனை மணி எண்டாலும் பரவாயில்ல.


155ல_சன்னல்சீட், இரவு 11:02

தம்பி செவ்வாய் காலைல அஞ்சே முக்காலுக்கு லொட்ஜ் வாசல்ல நிப்பேன். அம்மாவ மழையில பஸ்ஸுக்கு நிக்க வைக்காதீங்க.


முல்லை_வீடு, செவ்வாய் பின்னேரம் 5:20

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு ஃபோர்ம் குடுத்தாச்சு, பயொப்சி வியாழன் எண்டு சொன்னவை. நேர்கோடு அண்ணா மத்தியானம் வரைக்கும் நிண்டவர், டொக்டர் சொன்னது முழுக்கத் தமிழில ஒரு தாளில எழுதித் தந்தவர், அம்மா அதை நாலு தரம் வாசிச்சிட்டா. கடிதமும் குடுத்தவர், கவுண்டரில வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் தந்தவை. வரிசையில எங்களுக்குப் பின்னால நிண்ட மன்னார் ஆக்களுக்கும் அவர்தான் ஃபோர்ம் நிரப்பினது. அம்மா ஊரில இருந்து கொண்டுவந்த புழுக்கொடியலைக் குடுக்க, அவர் அங்கயே நிண்டு ஒண்டை முறிச்சுச் சாப்பிட்டவர். த்ரீவீல் அண்ணா காசே வாங்கேல்லை.

வியாழக்கிழமை நேர்கோடு அண்ணாவுக்கு வேலையாம். ஆரும் வரேலுமா?


கடலோரக்காத்து, செவ்வாய் பின்னேரம் 5:26

தம்பி வியாழன் நான் வாறன், லீவு சொல்லிட்டன். அம்மாவுக்குப் பயொப்சி முடிய மெதுவான சாப்பாடு வேணும், எங்கட அம்மா இடியப்பம் அவிச்சுத் தாறன் எண்டவ, சொதி வேற போத்தலில. பஸ்ஸில மடியிலயே நிமித்திப் பிடிச்சுக்கொண்டு வாறன், கொட்டுப்படாது.